மைசூர் போகலாம், வாங்க!

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. தங்கச் சுரங்க வேலைக்காக அந்தக் காலத்தில் வந்து குடியேறியவர்கள் அவர்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. மக்கள் மட்டும் அங்கேயே இருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஒரு மகளிர் சங்கம். அன்று வெள்ளிக்கிழமை மாலை. ஐந்து பேர் கூடி உட்கார்ந்திருந்தார்கள். செல்விதான் பேச்சைத் தொடங்கினாள்.

"வாரம் நூறு ரூபாய் வீதம் பன்னிரண்டு வாரம் சேர்த்திருக்கிறோம். ஆளுக்கு 1,200 ரூபாய். ஐந்து பேருக்கு 6,000 ரூபாய். இந்தப் பணத்தில் மைசூர் போய்விட்டு வரலாமா?"

ரோஸ்மேரி, பார்வதி, கஸ்தூரி மூவரும் "போகலாம், போகலாம்" என்றார்கள். முனியம்மா மட்டும் வாய் திறக்கவில்லை.

"என்ன அக்கா, பேசாம இருக்கீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"நான் ஒரு தடவை போயிருக்கேன். போய் ஏமாந்து வந்தேன்" என்றார் முனியம்மா.

பழைய கதை

அது 1998. முனியம்மாவின் கணவருக்குச் சுரங்கத்தில் போனஸ் வந்தது. மனைவியையும் ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு மைசூர் போனார். மைசூர் அரண்மனையில் விளக்குப் போடுவார்கள், அதைக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மைசூரில் இறங்கினார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு தரகர் பிடித்துக்கொண்டார். "நல்ல லாட்ஜ், வாடகை 150 ரூபாய்தான்" என்று கூட்டிப் போனார். கணவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்.

மகளுக்கு யானையும் புலியும் காட்ட உயிரியல் பூங்காவுக்குப் போனார்கள். பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை அதற்கு விடுமுறை. மாலையில் அரண்மனை வாசலில் காத்து நின்றார்கள். விளக்கு எரியவில்லை. "ஞாயிற்றுக்கிழமைதான் போடுவார்கள்" என்றார் பொரி விற்றவர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். லாட்ஜில் 350 ரூபாய் கேட்டார்கள்.

"ஒரு நாள்தானே தங்கினோம்?" என்றார் கணவர்.

"எங்கள் கணக்குப் பகல் 12 மணி முதல் மறுநாள் பகல் 12 மணி வரை. நீங்கள் நேற்றுக் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டீர்கள். அதனால் இரண்டு நாள் வாடகை. 300 ரூபாய். தரகருக்கு 50. பலகையில் எழுதித்தானே போட்டிருக்கிறோம்?" என்றார்கள்.

பலகை சுவரில்தான் இருந்தது. இருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. பணத்தைக் கொடுத்தார்கள். மீதி இருந்தது பேருந்துக்கு மட்டும்தான்.

"அடுத்த தடவை ஞாயித்துக்கிழமையா பார்த்து வருவோம்" என்றார் கணவர். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. சுரங்கம் மூடியது. சில ஆண்டுகளில் அவரும் இறந்துபோனார்.

இதைச் சொல்லி முடித்தபோது முனியம்மாவின் குரல் கம்மியது. எல்லோரும் சற்று நேரம் பேசவில்லை.

செல்வி சொன்னாள்: "அக்கா, அப்போ உங்களுக்குப் படிக்கத் தெரியாது. இப்போ தெரியும். இந்தத் தடவை எல்லா ஏற்பாடும் நீங்கதான் செய்யணும். நாங்க கூட இருக்கோம்."

முனியம்மா தன் ஐம்பத்திரண்டாவது வயதில் எழுத்துப் படித்தவர். தமிழ் படிப்பார். கணக்கு எழுதுவார். கன்னடம் நன்றாகப் பேசுவார். ஆனால் கன்னட எழுத்துத் தெரியாது. செல்விக்கு இரண்டு எழுத்தும் தெரியும்.

முனியம்மா யோசித்தார். பிறகு, "ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்க" என்றார்.

மைசூரின் கதை

போகும் ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதில் சுவை கூடும்.

மைசூர் உடையார் மன்னர்களின் ஊர். 1610இல் ராஜ உடையார் பக்கத்தில் உள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். தலைநகரம் அங்கே போனது. பிறகு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் அங்கிருந்து ஆண்டார்கள். 1799 மே 4 அன்று ஆங்கிலேயருடன் நடந்த போரில் திப்பு சுல்தான் உயிர் நீத்தார். அதன் பிறகு உடையார் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை மன்னன் ஆக்கினார்கள். மைசூர் மறுபடியும் தலைநகரம் ஆனது.

பின்னாளில் அரசு அலுவலகங்கள் பெங்களூருக்குப் போயின. மன்னரின் அரண்மனை மைசூரிலேயே இருந்தது. மாநிலத்துக்கே மைசூர் என்றுதான் பெயர். 1973 நவம்பர் 1 அன்றுதான் கர்நாடகம் என்று பெயர் மாறியது.

பழைய அரண்மனை மரத்தால் ஆனது. 1897இல் இளவரசியின் திருமணத்தின்போது அது தீப்பிடித்து எரிந்தது. அப்போது மன்னர் சிறுவர். அவருடைய தாயார் கெம்பநஞ்சம்மணி மகனுக்குப் பதிலாக ஆட்சி செய்துவந்தார். புதிய அரண்மனை கட்ட ஏற்பாடு செய்தவர் அவர்தான். ஹென்றி இர்வின் என்பவர் வரைபடம் போட்டார். 1912இல் வேலை முடிந்தது. ஏறக்குறைய 41 லட்சம் ரூபாய் செலவானது. இன்று நாம் பார்ப்பது அந்த அரண்மனைதான்.

எந்த நாள் போவது?

முனியம்மா நோட்டில் முதலில் எழுதியது நாட்களைத்தான்.

அரண்மனை விளக்கு: ஞாயிறு, அரசு விடுமுறை நாள் மாலை.
உயிரியல் பூங்கா: செவ்வாய் விடுமுறை.
தசரா: கூட்டம் அதிகம். வாடகையும் அதிகம்.

தசரா பத்து நாள் விழா. விஜயதசமி அன்று யானை மேல் தங்க அம்பாரியில் சாமுண்டீஸ்வரி அம்மன் ஊர்வலம் வரும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம். கையில் கொஞ்சம் பணம் வைத்திருப்பவர்கள் மற்ற மாதங்களில் போவது நல்லது.

"ஞாயிறு போய், திங்கள் திரும்பலாம்" என்று முடிவு ஆனது.

பயணச் செலவு பற்றிப் பேச்சு வந்தது. "பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று பார்வதி கேட்டாள்.

"ஒன்றும் ஆகாது" என்றாள் செல்வி. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று 'சக்தி' திட்டம் தொடங்கியது. அந்த மாநிலத்தில் குடியிருக்கும் பெண்கள் மாநிலத்துக்குள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லாமல் போகலாம். குளிர்சாதனப் பேருந்து, சொகுசுப் பேருந்து இதில் சேராது. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பணம் இல்லாத டிக்கெட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

"அப்படின்னா அஞ்சு பேரும் அட்டையை மறக்காம எடுத்துக்கணும். லாட்ஜிலயும் கேட்பாங்க" என்று முனியம்மா எழுதிக்கொண்டார்.

எந்த விடுதியில் தங்குவது?

செல்வி கைப்பேசியில் தேடி மூன்று விடுதிகளின் எண்களை எடுத்தாள். அவற்றில் ஒன்றில் பக்கத்துத் தெருக்காரர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களிடமும் விசாரித்தார்கள். போனில் பேசியவர் முனியம்மா. ஒவ்வொரு விடுதியிலும் ஒரே ஆறு கேள்விகளைக் கேட்டார்.

1. ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம்? வாடகை என்ன?
2. கூடுதலாக ஓர் ஆள் தங்கினால் எவ்வளவு?
3. வரி சேர்த்துச் சொல்கிறீர்களா, தனியா?
4. ஒரு நாள் என்பது எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை?
5. பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்?
6. குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? வெந்நீர் வருமா? எத்தனை மாடி ஏற வேண்டும்?

பதில்களை எழுதி வைத்தார்.

முதல் விடுதி பேருந்து நிலையத்துக்குப் பக்கம். இரண்டு பேர் அறை 800 ரூபாய். கூடுதல் ஆளுக்கு 200. வரி சேர்த்துத்தான். பகல் 12 மணி முதல் மறுநாள் பகல் 12 வரை ஒரு நாள். கீழ்த்தளத்தில் அறை உண்டு.

இரண்டாம் விடுதி ஊருக்கு வெளியே. மூன்று பேர் அறை 1,000 ரூபாய். இரண்டு பேர் அறை 750. எந்த நேரம் வந்தாலும் 24 மணி நேரம். ஆனால் ஆட்டோவில்தான் போக வேண்டும். ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ. ஓர் ஆட்டோவுக்கு ஒரு தடவை 150 ரூபாய்.

மூன்றாவது ஒரு பெரிய கூடம். வரிசையாகக் கட்டில்கள். ஆளுக்கு 250 ரூபாய். குளியலறை பொது. சாமானைப் பூட்டி வைக்க இடமில்லை. இரண்டாம் மாடி.

கணக்குப் போட்டார்கள்.

முதல் விடுதி: 800 + 800 + 200 = 1,800.
இரண்டாம் விடுதி: 1,000 + 750 = 1,750. போக வர ஆட்டோ 600. மொத்தம் 2,350.
மூன்றாம் விடுதி: 250 × 5 = 1,250.

"மூணாவதுதான் மலிவு" என்றாள் கஸ்தூரி.

"மலிவுதான். ஆனா ரோஸ்மேரிக்கு முழங்கால் வலி. ரெண்டு மாடி எப்படி ஏறுவா? பையை யார் காவல் காக்கிறது?" என்றார் முனியம்மா.

"இரண்டாவதில் வாடகை குறைவு. ஆனால் ஆட்டோவைச் சேர்த்தால் கூடிவிடுகிறதே!" என்றாள் பார்வதி.

முதல் விடுதியே போதும் என்று முடிவு செய்தார்கள். அங்கே பகல் 12 மணிக்கு நாள் தொடங்குகிறது. அதனால் 12 மணிக்குப் போய்ச் சேரும்படி கிளம்ப வேண்டும். காலையிலேயே போனால் 1998இல் நடந்ததுதான் நடக்கும்.

முன்பணம் பற்றியும் பேசினார்கள். தெரியாத எண்ணில் பேசுபவர் "உடனே பணம் அனுப்பு" என்று அவசரப்படுத்தினால் அனுப்பக் கூடாது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. இந்த விடுதியில் முன்பணம் கேட்கவில்லை.

செலவுத் திட்டம் இப்படி அமைந்தது:

தங்க — 1,800
சாப்பாடு (ஆளுக்கு 400) — 2,000
நுழைவுக் கட்டணம், ஆட்டோ — 1,000
அவசரத்துக்கு — 500
மொத்தம் — 5,300
மீதி — 700

பயணம்

ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்கு ராபர்ட்சன்பேட்டையில் பஸ் ஏறினார்கள். பெங்களூரில் இறங்கி, மைசூர் சாலையில் உள்ள பேருந்து நிலையத்துக்குப் போய் மாறினார்கள். மைசூர் போய்ச் சேர்ந்தபோது மணி 12 ஆகிப் பத்து நிமிடம்.

இறங்கியதும் ஒருவர் ஓடி வந்தார். "லாட்ஜ் வேணுமா அம்மா? நல்ல லாட்ஜ்!"

"வேண்டாம்ப்பா. நாங்க முன்னாடியே பேசிட்டோம்" என்றார் முனியம்மா. நிற்காமல் நடந்தார்.

விடுதியில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் பேசினார். "அறை 1,000 ரூபாய். கூடுதல் ஆளுக்கு 300. மொத்தம் 2,300."

முனியம்மாவுக்கு நெஞ்சு படபடத்தது. பழைய நாள் கண் முன்னால் வந்தது. செல்வி ஏதோ சொல்ல வாய் திறந்தாள். முனியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொரு வரியாகக் கன்னடத்தில் சொன்னார்.

"வியாழக்கிழமை. காலை 11 மணி. அறை 800. கூடுதல் ஆள் 200. வரி சேர்த்து. மொத்தம் 1,800. பகல் 12 முதல் மறுநாள் பகல் 12."

"ஞாயிற்றுக்கிழமை வாடகை கொஞ்சம் அதிகம் அம்மா."

"ஞாயிற்றுக்கிழமை வர்றோம்னு சொல்லித்தான் கேட்டேன். அதையும் எழுதி வச்சிருக்கேன். உங்க முதலாளியைக் கேளுங்க."

இளைஞர் போனில் பேசினார். பிறகு, "சரி அம்மா, 1,800 கொடுங்கள்" என்றார்.

முனியம்மா பணத்தை எண்ணி வைத்தார். "ரசீது கொடுங்க. கணக்கு முழுசா எழுதியே கொடுங்க." ரசீது வந்தது. எழுத்து கன்னடத்தில் இருந்தது. எண்களை முனியம்மா பார்த்தார். 1,800 சரியாக இருந்தது. எழுத்தைச் செல்வி படித்துச் சொன்னாள். சுவரில் இருந்த பலகையையும் படித்துக் காட்டினாள். பகல் 12 மணி என்றுதான் அதிலும் இருந்தது.

பதிவேட்டைத் தள்ளினார் இளைஞர். கூடவே மைப்பெட்டியையும் தள்ளினார். வயதைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டார்.

முனியம்மா மைப்பெட்டியை ஓரமாக நகர்த்தினார். பேனாவை எடுத்தார். "மா. முனியம்மா" என்று தமிழில் கையெழுத்துப் போட்டார்.

விளக்கு

சாப்பிட்டு, சற்று ஓய்வெடுத்து, மூன்று மணிக்கு அரண்மனைக்குப் போனார்கள். கட்டணப் பலகையைப் படித்து டிக்கெட் வாங்கினார்கள். செருப்பைக் காப்பகத்தில் விட்டு, டோக்கனைப் பத்திரப்படுத்தினார்கள். உள்ளே கல்யாண மண்டபத்தின் கூரையில் வண்ணக் கண்ணாடி. அதில் மயில்கள். சுவர்களில் தசரா ஊர்வல ஓவியங்கள். தர்பார் மண்டபத்தின் தூண்களைப் பார்த்து பார்வதி அசந்து நின்றாள்.

வெளியே வந்து காத்திருந்தார்கள். இருட்டியது. ஏழு மணி இருக்கும். சட்டென்று அரண்மனை முழுவதும் ஒளி வெள்ளம். ஏறக்குறைய ஒரு லட்சம் விளக்குகள்! கூட்டம் "ஆ" என்றது.

முனியம்மா வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"அவர் ஒண்ணு சொல்வார். இந்த விளக்கு வெளிச்சத்துக்கு முன்னாடியே நம்ம ஊருக்குக் கரண்டு வந்திடுச்சாம்."

"அப்படியா அக்கா?" என்றாள் செல்வி.

உண்மைதான். காவிரி ஆற்றில் சிவசமுத்திரம் அருவி இருக்கிறது. அங்கே 1902இல் நீர் மின் நிலையம் அமைத்தார்கள். கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் தருவதற்காகவே அது கட்டப்பட்டது. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் தூரம் கம்பி போட்டு மின்சாரத்தைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகுதான், 1905இல், பெங்களூர் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது. மைசூர் அரண்மனைக்கும் பிறகுதான் மின்சாரம் வந்தது. தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். அந்த இருட்டுக்குள் இறங்கி வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களில் முனியம்மாவின் கணவரும் ஒருவர்.

"அவர் பார்க்கலை. நான் பார்த்துட்டேன்" என்றார் முனியம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நகரப் பேருந்தில் சாமுண்டி மலைக்குப் போனார்கள். மலையேற ஆயிரம் படிகள் வரை உண்டு. ரோஸ்மேரிக்காக எல்லோரும் பஸ்ஸிலேயே போனார்கள். திரும்பி வந்து, பதினொன்றரை மணிக்கு அறையைக் காலி செய்தார்கள். பைகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, இரட்டைக் கோபுரங்கள் கொண்ட பிலோமினா தேவாலயத்துக்குப் போனார்கள். தேவராஜ மார்க்கெட்டில் பூவும் மஞ்சள் குங்குமமும் மலை மலையாகக் குவிந்திருந்தன. மீதிப் பணத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மைசூர்பாகு வாங்கினார்கள்.

ஊருக்குத் திரும்பும்போது முனியம்மா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்: "வரவு 6,000. செலவு 5,870. மீதி 130. அடுத்த தடவை மகளையும் கூட்டி வரணும்."

நினைவில் வையுங்கள்

• போகும் இடத்தின் விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்பே விசாரியுங்கள். நேரங்கள் மாறலாம்.
• வாடகை, வரி, கூடுதல் ஆள், காலி செய்யும் நேரம் ஆகியவற்றைக் கேட்டு, தேதியுடன் எழுதி வையுங்கள்.
• படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மொழி தெரியாவிட்டால், படித்துக் காட்டச் சொல்லுங்கள்.
• பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்.
• அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.
• ஆபத்துக்கு 112. பெண்கள் உதவிக்கு 181. நுகர்வோர் புகாருக்கு 1915.

கணக்குப் போடுங்கள்

1. முதல் விடுதியில் ஐந்து பேரும் இரண்டு நாள் தங்கினால் வாடகை எவ்வளவு?
2. முனியம்மா நோட்டு எழுதாமல் போயிருந்தால் எவ்வளவு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பார்?
3. பகல் 12 மணிக் கணக்குள்ள விடுதிக்குச் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் போய், ஞாயிறு காலை 10 மணிக்குக் காலி செய்தால் எத்தனை நாள் வாடகை?

கூடிப் பேசுங்கள்

1. 1998இல் முனியம்மாவின் குடும்பத்துக்கு எதனால் நட்டம் ஏற்பட்டது?
2. மலிவான விடுதியை அவர்கள் ஏன் எடுக்கவில்லை? அது சரியா?
3. உங்கள் குழு இரண்டு நாள் பயணம் போவதாக இருந்தால் எங்கே போவீர்கள்? செலவுத் திட்டம் ஒன்று எழுதிப் பாருங்கள்.